மனைப்பிரிவு அனுமதிக்கான மழைநீர் வடிகால் திட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கோ அதில் பெரிய கட்டடம் எழுப்புவதற்கோ அனுமதி கேட்கும்போது, விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டிய மழைநீர் வடிகால் திட்டம் குறித்து வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எத்தகைய மழைக்கு வடிவமைக்க வேண்டும், குழாயின் குறைந்தபட்ச விட்டம் என்ன என்பன போன்ற எண்களை அந்தந்த இடத்தின் அனுமதி அமைப்பே வகுத்திருக்கும். அவற்றை அங்கேதான் கேட்டுப் பெற வேண்டும். அந்த எண்களுக்குப் பின்னால் நிற்கும் கணக்கும் காரணமும் எங்கும் ஒன்றே.

கேள்வி: குழாய் அளவுகள் எல்லாம் கணக்கிட்டுக் கொடுத்தும், "வெளியேற்றப் புள்ளி தெளிவாக இல்லை" என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது. இன்னும் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

திட்டத்தில் குழாய் அளவு எளிய பகுதி. உங்கள் நிலத்தை விட்டு வெளியேறும் நீர் எங்கே போய்ச் சேருகிறது, அந்த இடம் அதை ஏற்குமா என்பதைத்தான் பரிசீலிக்கும் பொறியாளர் முதலில் தேடுகிறார். எல்லைக்கோடு வரை குழாயை வரைந்து, அம்புக்குறி போட்டு, "ஓடைக்கு" என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஓடையின் அடிமட்டம், கரைமட்டம், பெருமழையின்போது அதில் நிற்கும் நீர்மட்டம், கீழே அடுத்த சிறுபாலம் வரை அது கொள்ளக்கூடிய நீரின் அளவு ஆகியவற்றைத் தர வேண்டும். இடையில் வேறொருவர் நிலம் வந்தால், அதன் வழியே நீர் விடுவதற்கான எழுத்துப்பூர்வமான உரிமையையும் காட்ட வேண்டும்.

நீர்மட்டம் ஏன் முக்கியம் என்பதை எண்களோடு பார்ப்போம். 450 மி.மீ. விட்டமுள்ள உங்கள் கடைசிக் குழாயின் உள் அடிமட்டம் 98.20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல்விளிம்பு 98.65இல் இருக்கும். வெள்ளக் காலத்தில் ஓடையின் நீர்மட்டம் 99.10க்கு ஏறினால், குழாயின் வாய் முழுவதும் மூழ்கி, அதற்கு மேலும் 45 செ.மீ. நீர் நிற்கும். அப்போது நீரின் ஆற்றல் மட்டம் (மேன்ஹோல்களில் நீர் எழக்கூடிய உயரம்) குழாயின் விளிம்பிலிருந்து தொடங்காமல் 99.10இலிருந்து தொடங்குகிறது. உராய்வால் 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற வீதத்தில் அது ஏறினால், 60 மீட்டர் மேலே உள்ள மேன்ஹோலில் நீர் 99.40 வரை எழும். அந்த மேன்ஹோல் மூடியின் மட்டம் 99.35 என்றால், குழாயின் விட்டம் போதுமானதாக இருந்தும் நீர் சாலையில் பொங்கும். ஆகவே திட்டத்தைக் கடைசி முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போடுங்கள். உங்கள் நிலத்தின் மட்டங்களும் ஓடையின் மட்டங்களும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் அளக்க அடிப்படையாகக் கொள்ளும் நிலையான குறியிலிருந்து) எடுக்கப்பட்டவையாக இருப்பதும் கட்டாயம். வெவ்வேறு ஆதாரங்களிலிருந்து எடுத்த மட்டங்களை ஒரே தாளில் கலந்துவிட்டால் மேற்படிக் கணக்கு முழுவதும் பொருளற்றுப் போகும்.

கேள்வி: "மேம்பாட்டுக்கு முன் இருந்த ஓட்டத்தைத் தாண்டக் கூடாது" என்கிறார்கள். முன், பின் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

சிறிய நீர்ப்பிடிப்புப் பரப்புகளுக்குப் பெரும்பாலும் ராஷனல் முறையே ஏற்கப்படுகிறது. அயர்லாந்துப் பொறியாளர் மல்வானி 1851இல் முன்வைத்த கருத்து அது. அமெரிக்காவில் குய்ச்லிங் 1889இல் அதைச் சாக்கடை வடிவமைப்புக்குப் பயன்படுத்தினார். ஓடுநீர்க் கெழு (பெய்யும் மழையில் தரையில் ஊறாமல் ஓடிவிடும் பங்கு), ஒரு மணி நேரத்துக்கு மில்லிமீட்டரில் மழைச்செறிவு, ஹெக்டேரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று உச்ச ஓட்டம் கிடைக்கும்.

புல்லும் புதருமாக உள்ள ஒரு ஹெக்டேர் நிலத்துக்குக் கெழு 0.3, மழைச்செறிவு 60 மி.மீ. என்றால், உச்ச ஓட்டம் வினாடிக்கு 50 லிட்டர். கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் கெழு 0.75 ஆனால் அதே மழைக்கு 125 லிட்டர். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. நிலத்தின் தொலைவான மூலையிலிருந்து நீர் வெளியேற்றப் புள்ளிக்கு வந்துசேர முன்பு 20 நிமிடம் ஆகியிருந்தால், வழவழப்பான தரையும் குழாயும் வந்தபின் அது 10 நிமிடமாகக் குறையலாம். குறுகிய நேர மழைக்குச் செறிவு அதிகம் என்பதால், கணக்கில் எடுக்க வேண்டிய செறிவும் 90 மி.மீ. அளவுக்கு ஏறிவிடக்கூடும். அப்போது உச்ச ஓட்டம் ஏறத்தாழ 188 லிட்டர், அதாவது முன்பிருந்ததைப் போல நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. இரண்டு நிலைகளுக்கும் ஒரே மழைச்செறிவைப் போட்ட கணக்கை எந்தக் கவனமான பரிசீலகரும் ஏற்கமாட்டார். ஏற்கவும் கூடாது, ஏனெனில் அந்த வித்தியாசம் முழுவதும் கீழே குடியிருப்பவரின் வாசலில்தான் போய் நிற்கும்.

இந்த முறை உச்ச ஓட்டத்தை மட்டுமே தரும், ஓடிவரும் நீரின் மொத்தக் கன அளவைத் தராது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளியே விடும் தேக்கக் குளத்தின் அளவை முடிவுசெய்ய, நேரத்தோடு ஓட்டம் ஏறி இறங்கும் வரைவு தேவைப்படும்.

கேள்வி: நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கும் வழிகாட்டச் சொல்கிறார்கள். இது மிகையான செலவு இல்லையா?

நூறு ஆண்டு மழை என்றால் ஒருமுறை வந்தபின் அடுத்த நூறு ஆண்டு வராது என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு ஒரு விழுக்காடு. ஒரு வீட்டில் 30 ஆண்டு வாழ்பவர் அதை ஒருமுறையாவது சந்திப்பதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. வீடு வாங்குபவருக்கு இது சிறிய எண் அல்ல.

செலவைப் பொறுத்தவரை, அந்த மழை முழுவதையும் குழாயில் கொண்டுபோகச் சொல்லும் விதிகள் அரிது. வழக்கமாகக் குழாய்களும் சாலையோர வடிகால்களும் 2 முதல் 10 ஆண்டு மழைக்கு வடிவமைக்கப்படுகின்றன. அதற்கு மேற்பட்ட நீர் தரையின் மேலேயே எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதைக் காட்ட வேண்டும். சாலையின் வாட்டத்தைச் சரியாக அமைத்தாலே இதன் பெரும்பகுதி கூடுதல் செலவின்றி முடிந்துவிடும். சாலை இரண்டு பக்கமிருந்தும் இறங்கிச் சேரும் பள்ளமான இடத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள்: அங்குள்ள வடிகால் வாய் குப்பையால் அடைபட்டால் நீர் அடுத்து எதன் மேல் ஏறும்? அந்த வழியில் ஒரு மனை இருந்தால், அதை மனையாக விற்காமல் நீர்வழியாகவே ஒதுக்குவதுதான் நேர்மையான வடிவமைப்பு. மற்ற வீடுகளின் தரைமட்டத்தை அந்த நீர்மட்டத்துக்கு மேலே போதிய இடைவெளியுடன் நிர்ணயித்து, வரைபடத்தில் மனை வாரியாக எழுதிவிட வேண்டும்.

கேள்வி: தேக்கக் குளம், நீர் ஊறும் குழி, இரண்டில் எது அனுமதிக்கு ஏற்றது?

மண்ணும் நிலத்தடி நீர்மட்டமும் அதை முடிவுசெய்யும். ஊறல் சோதனையைக் குழியின் அடிப்பகுதி அமையப்போகும் ஆழத்திலேயே செய்ய வேண்டும். மேல்மண் நீரை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு மீட்டர் கீழே இருக்கும் களிமண்ணில் குழி தோண்டிப் பயனில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதையும் காட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள்களுக்குள் வற்றாத குழி, அடுத்த மழைக்கு இல்லாததற்குச் சமம்.

தேக்கக் குளத்தில் வெளியேறும் துளைதான் உயிர்நாடி. நூறு ஆண்டு மழைக்கு மட்டும் கணக்கிட்டு ஒரே பெரிய துளை வைத்தால், அடிக்கடி பெய்யும் சாதாரண மழையின் நீர் குளத்தில் நிற்காமலேயே வெளியேறிவிடும். கீழ் ஓடையின் கரையை அரிப்பதில் அடிக்கடி வரும் அந்த ஓட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே கீழே சிறிய துளை, மேலே பெரிய திறப்பு என்று படிப்படியாக அமைத்து, பல மழை அளவுகளுக்கும் கணக்குக் காட்டுவது முறை. துளை அடைபட்டாலும் நீர் பாதுகாப்பாக வழிந்து செல்லக் கலிங்கு கட்டாயம் இருக்க வேண்டும். மண்கரையின் மேல் நீர் வழிந்தால் கரையே உடைந்து, குளமே இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய வெள்ளத்தைக் கீழே அனுப்பிவிடும்.

கேள்வி: மேட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து வரும் நீரையும் என் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பரப்பு உங்கள் எல்லைக்கல்லோடு முடிவதில்லை. சமமட்டக் கோட்டு வரைபடத்தில் நீர் பிரியும் மேடு வரை சென்று எல்லை வரையுங்கள். இயற்கையாக வந்துகொண்டிருந்த அந்த நீரைச் சுற்றுச்சுவர் எழுப்பித் தடுத்தால், மேல்நிலத்துக்காரர் பாதிக்கப்படுவார். சுவர் சாய்ந்தால் நீங்களும் பாதிக்கப்படுவீர்கள்.

கேள்வி: தாழ்வான நிலத்தை மண் நிரப்பி உயர்த்திவிட்டால் வடிகால் பிரச்சினை தீராதா?

உங்களுக்குத் தீரலாம். அந்தப் பள்ளத்தில் முன்பு நின்ற வெள்ளநீர் இப்போது வேறெங்காவது நிற்க வேண்டுமே? வெள்ளம் நிற்கும் பகுதியில் மண் நிரப்பினால், இழந்த கொள்ளளவுக்கு ஈடாக ஏறத்தாழ அதே மட்டத்தில் வேறிடத்தில் மண்ணை வெட்டிக் காட்ட வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வராவிட்டாலும் இதைச் செய்வதே முறை.

கேள்வி: அனுமதி கிடைத்தபின் இந்தத் திட்டத்துக்கு வேலை உண்டா?

உண்டு. மேல்மண்ணை அகற்றிய நாளிலிருந்து புல் பிடிக்கும் வரை பெய்யும் ஒவ்வொரு மழையும் வண்டலை அள்ளிக்கொண்டு போகும். வண்டல் தொட்டியையும் மண்தடுப்புகளையும் முதலில் அமைத்துவிட்டுத்தான் மற்ற மண்வேலையைத் தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும், குழாய்கள் உண்மையில் எந்த மட்டத்தில் பதிக்கப்பட்டன என்பதை அளந்து கட்டியபடி வரைபடம் தர வேண்டும். 500க்கு ஒன்று என்ற வாட்டத்தில் போட்ட 30 மீட்டர் குழாயின் மொத்த இறக்கமே 6 செ.மீ.தான், பதிப்பதில் அந்த அளவு தவறினால் வாட்டமே இராது. குளத்தையும் வடிகாலையும் யார், எப்போது தூர்வாருவார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வரும், இயந்திரம் இறங்கும் பாதை எது என்பவற்றைப் பெயரளவுக்கு எழுதாமல், மனை வாங்குவோரின் பத்திரத்திலேயே பொறுப்பாகச் சேர்த்துவிடுங்கள்.