வயிற்றுக்குள் புரள்வது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டேன். அடுத்து எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி சேரலாமா என்று யோசனை. இங்கிலாந்தில் கவுன்சிலிங், கோச்சிங் சைக்காலஜி இரண்டையும் சேர்த்து ஓராண்டில் எம்.எஸ்சி. தருகிறார்கள், கடன் வாங்கிப் போய்விடு என்கிறார் மாமா. ஆறு வாரத்தில் 'லைஃப் கோச்' சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் தினமும் போன் செய்கிறது. வீட்டிலோ, வெளியூரெல்லாம் வேண்டாம், தபால் வழியில் படி என்கிறார்கள். எது சரி?

இன்னொரு தயக்கமும் உண்டு. படித்து முடித்து எங்கள் கடற்கரையிலேயே வேலை செய்யத்தான் ஆசை. ஆனால் எங்கள் சனங்களுக்கு உணர்வுகளைச் சொல்லத் தெரியாது. எதைக் கேட்டாலும் தலைவலி, வயிற்றுக்குள் புரளுது, நெஞ்சை அடைக்குது என்று உடம்பைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் முற்றினால் தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போய்விடுவார்கள். இவர்களிடம் கவுன்சிலிங் எடுபடுமா?

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு அதிக நேரம் ஆகாது.

தபால் வழி இனி இல்லை. உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. யாராவது இடம் இருக்கிறது என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதே.

ஆறு வாரச் சான்றிதழை மறந்துவிடு. கோச்சிங்குக்கென்று உலக அளவில் இருக்கும் ஐ.சி.எஃப். கூட்டமைப்பின் முதல்படிச் சான்றுக்கே 60 மணி நேரப் பயிற்சி வேண்டும், 100 மணி நேரம் ஆட்களுடன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், மூத்தவர் ஒருவர் 10 மணி நேரம் நம் வேலையைக் கேட்டுத் திருத்தியிருக்க வேண்டும். அந்தப் பத்து மணி நேரமும் குறைந்தது மூன்று மாதத்துக்குப் பரவியிருக்க வேண்டும் என்பது விதி. ஆறு வாரத்தில் அது எப்படி முடியும்?

இங்கிலாந்துப் படிப்பு பொய்யில்லை, ஆனால் மாமா நினைப்பது வேறு. அங்கே 'கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட்' என்பது 2009 முதல் சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். அதற்கு முனைவர் நிலைப் படிப்பும் பதிவும் வேண்டும். ஓராண்டு எம்.எஸ்சி. அந்தப் பெயரைத் தராது. 'கவுன்சிலர்', 'கோச்' இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. படித்து அறிவு பெறலாம். கடன் வாங்கிப் போகிற பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கேயும் ஒன்றை நினைவில் வை: எம்.எஸ்சி. கவுன்சிலிங் படித்தவர் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டக் கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பும் பதிவும் தனி.

கோச்சிங் என்றால் நம் பக்கம் டி.என்.பி.எஸ்.சி. வகுப்பு என்றுதான் நினைப்பார்கள். அது போகட்டும். துபாயிலிருந்து திரும்பிக் கீழக்கரையில் கடை போட நினைக்கும் பையனுக்கு அந்த முறை நன்றாக உதவும். இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, வழிகள் எத்தனை, எதைச் செய்யப் போகிறாய் என்று ஜான் விட்மோர் பரப்பிய நாலு படியில் பேசலாம். ஆனால் அதே பையன் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை, சோறு இறங்கவில்லை என்றால் இலக்குப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாதவர் கோச் ஆகக் கூடாது. கவுன்சிலிங்கை முதலில் படி.

இனி உன் இரண்டாவது பத்திக்கு வருகிறேன். பல மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை நீ தப்பான பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறாய்.

'எங்கள் சனங்களுக்கு உணர்வுகளைச் சொல்லத் தெரியாது.' இந்த வாக்கியத்தை எந்த வகுப்பில் கற்றாய்? அங்கேயே விட்டுவிட்டு வா. வயிறு எரியுது என்பதும் வயித்தக் கலக்குது என்பதும் ஒன்றா? முதலாவதைச் சொல்கிறவளுக்கு யாரோ அநியாயம் செய்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்கிறவளுக்கு ஏதோ வரப்போகிறது என்ற பயம். மனசு கேக்கல, மனசு ஒப்பல, மனசு ஆறல, மனசு விட்டுப்போச்சு: நாலுக்கும் நாலு நிலைமை. நம் பாட்டிமார் இவற்றை மாற்றிப் போட்டுப் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். இத்தனை நுணுக்கமாகப் பேசுகிறவர்களைச் சொல்லத் தெரியாதவர்கள் என்கிறாய். கேட்கிற காது உனக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

தொல்காப்பியம் இதற்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நாலு நாலு காரணம். அழுகைக்கு என்ன நாலு தெரியுமா? இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுகை, இழந்ததால் அழுகை, இருந்த நிலை தாழ்ந்துபோனதால் அழுகை, இல்லாமையால் அழுகை. உடம்பில் தெரிவதைப் பார்த்து உள்ளே எது என்று பிரிக்கச் சொல்லும் இந்தப் பாடம் உன் பாடத்திட்டத்தில் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். மார்க் நிக்டர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தென் கன்னடப் பகுதிப் பெண்கள் துன்பத்தை என்னென்ன வழியில் வெளிப்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து 1981-இல் எழுதினார். ஒவ்வொரு சமூகத்துக்கும் துன்பத்தைச் சொல்ல ஒரு மரபுமொழி உண்டு என்ற கருத்து உளவியல் வகுப்புகளில் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண்ணை நினைத்துக்கொள். புருஷன் விசைப்படகில் போனவர், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் உன் எதிரே உட்கார்ந்து சொல்கிறாள்: "அவுகளப் புடிச்சுட்டுப் போயி பதினோரு நாளாச்சு. அடிவயித்துல ஏதோ பெரளுது. வாசல்ல நிக்கவே புடிக்கல."

நீ என்ன சொல்வாய்? வகுப்பில் கற்றபடி, "நீங்கள் மிகவும் கவலையாக உணர்கிறீர்கள் என்று புரிகிறது" என்பாய். தமிழில் யாரும் கவலையாக உணர்வதில்லை. கவலை நமக்கு இருக்கிறது, பயம் வருகிறது, துக்கம் தொண்டையை அடைக்கிறது. 'எனக்கு' என்று நின்று வருவதை வாங்கிக்கொள்வதுதான் நம் வாக்கிய அமைப்பு. உன் வாக்கியத்தைக் கேட்டதும், இந்தப் பிள்ளை புத்தகம் படிக்கிறது என்று அவள் முடிவு செய்துவிடுவாள். அல்லது "டாக்டர்கிட்ட காமிச்சீங்களா" என்பாய். பேச்சு மாத்திரைக்குப் போய்விடும். அல்லது "கவலைப்படாதீங்கக்கா, போன தடவை புடிச்சவுகளையும் விட்டுட்டாகல்ல" என்பாய். அன்பான வார்த்தைதான், ஆனால் அவள் அதற்கு மேல் பேச வழியில்லாமல் அடைத்துவிடும்.

அவள் கடைசியாக வைத்த சொல்லை எடு. "வாசல்ல நிக்கவே புடிக்கல..." என்று அவள் இழுத்த அதே இழுப்பில் சொல்லிவிட்டுச் சும்மா இரு. ஐந்து விநாடி, ஆறு விநாடி. அவள் சொல்லலாம்: "வாசல்ல நின்னா சம்மாட்டி வீட்டு ஆளு பாக்குறாக. வாங்குன முன்பணத்தக் கேக்காம கேக்குறாக." சம்மாட்டி என்றால் படகு முதலாளி. நீ இழவு என்று நினைத்துக்கொண்டிருந்தாய். வயிற்றில் புரண்டது இளிவு. இரண்டுக்கும் நீ செய்ய வேண்டிய வேலை வேறு.

கவுன்சிலிங் பலிக்க என்ன வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் வகுத்துச் சொன்ன நிபந்தனைகளில் ஒத்துணர்வு ஒன்று. அதை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதலாம். அடிவயிற்றில் புரள்கிறது என்கிறவளிடம் அதைத் தமிழில் செய்ய வேண்டும். கதை கேட்கும்போது ம் கொட்டுவோமே, அதில்கூட வகை உண்டு. ஏறுகிற 'ம்' மேலே சொல் என்கிறது, இறங்குகிற 'ம்' போதும் என்கிறது. போன் பார்த்துக்கொண்டு கொட்டும் 'ம்' அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதைப் பழக ஒரே வழிதான் எனக்குத் தெரியும். எழுத்தில் வாங்கிய ஒப்புதலோடு ஒரு பேச்சைப் பதிவு செய். அதில் பத்து நிமிடத்தை எடுத்து, பேசியது பேசியபடி தட்டச்சு செய். 'அவுக' என்றால் 'அவுக'. திருத்தாதே. நிறுத்தங்களை விநாடிக் கணக்கில் குறி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். பக்கத்தில் நாலு கட்டம் போடு. முதலாவதில் அவர் சொன்னது. இரண்டாவதில் நீ சொன்னது. மூன்றாவதில் நீ செய்ததன் பெயர்: கேள்வியா, திருப்பிச் சொன்னாயா, அறிவுரையா, ஆறுதலா. நாலாவதில் அந்த நொடியில் உனக்கு என்ன ஆனது. 'பயந்துவிட்டேன், அதனால் பேச்சை மாற்றினேன்' என்று எழுதக் கூச்சப்படாதே. உன் மேற்பார்வையாளருக்கு மிகவும் வேண்டியது அந்தக் கட்டம்தான்.

பிறகு எண்ணு. எத்தனை கேள்வி, எத்தனை முறை அவர் சொன்னதை வாங்கித் திருப்பிக் கொடுத்தாய்? மாறும் விருப்பத்தை அவர் வாயாலேயே வரவழைக்கும் ஊக்க நேர்காணல் முறையில் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: ஒரு கேள்விக்கு ஒருமுறை திருப்பிச் சொல்லியிருந்தால் சுமார், இருமுறை என்றால் நல்லது. புதிதாகப் பழகுகிறவர்களின் தாளில் இது தலைகீழாக இருக்கும், கேள்வி மேல் கேள்வி. அதிலும் 'ஏன்' என்று தொடங்குவதையெல்லாம் சிவப்பில் வட்டம் போடு. தமிழில் ஏன் என்று கேட்டால் பாதி நேரம் அது குற்றச்சாட்டு. "ஏன் சொல்லல?" என்றால் யாரும் காரணம் சொல்வதில்லை, சமாதானம் சொல்வார்கள். "சொல்ல முடியாம என்ன தடுத்துச்சு?" என்று மாற்றிப் பார். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அதையும் குறி. அவர் சுலபமான கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருப்பார்.

மேற்பார்வை முடிந்ததும் பதிவை அழித்துவிடு. தாளில் பெயர், ஊர், படகு எண் எதுவும் இருக்கக் கூடாது. நம் கரையில் படகு எண் தெரிந்தால் வீடு தெரிந்த மாதிரி.

உடம்பைச் சொல்கிறார்கள் என்பதற்காக உடம்பை விட்டுவிடவும் கூடாது. நெஞ்சடைப்பு இதய நோயாகவும் இருக்கலாம். சோர்வு ரத்தசோகையாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் மொத்தம் 27 மதிப்பெண். 10-ம் அதற்கு மேலும் வந்தால் கவனித்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பதற்கு, பூஜ்யம் தவிர எது வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருக்காதே, அன்றைக்கே உட்கார்ந்து பேசு. "இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் சொன்னால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதே, வீட்டில் ஒருவரைத் துணைக்கு வை, மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடு. 14416, அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண், இரவிலும் எடுக்கும், தமிழில் பேசுவார்கள்.

தர்கா, சர்ச் என்று சலித்துக்கொள்கிறாய். ஏர்வாடி நம் மாவட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது, கண்ணில் பட்டால் நீ சும்மா இருக்கக் கூடாது. ஆனால் சந்தனமும் மெழுகுவர்த்தியுமாகப் போய்வந்த குடும்பத்திடம் "மூடநம்பிக்கை" என்ற சொல்லோடு நுழையாதே. "அங்க போயி வந்ததுல எது நிம்மதியா இருந்துச்சு?" என்று கேள். மருந்தை நிறுத்திவிட்டார்களா என்பதையும் அதே மூச்சில் இல்லாமல், அடுத்ததாகக் கேள்.

சொந்த ஊரில் வேலை செய்ய ஆசை என்றாய். அதில் ஒரு சிக்கல் உண்டு. உன்னிடம் வருகிறவர் சித்தியின் கொழுந்தனாராக இருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டு மதினியாக இருப்பார். நெருங்கிய உறவை வேறு ஒருவரிடம் அனுப்பிவிடு. மற்றவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு: சந்தையில் பார்த்தால் நீங்க பேசினா நான் பேசுவேன், இல்லைன்னா தெரியாத மாதிரிப் போயிருவேன் என்று. எதை வெளியே சொல்ல மாட்டாய், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீ புகார் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் உனக்குத் தண்டனை.

எந்தக் கல்லூரி என்று அடுத்துக் கேட்பாய். பெயர் சொல்ல மாட்டேன். சேரும் முன் துறைத் தலைவரிடம் மூன்று கேள்வி கேள்: இரண்டு வருடத்தில் எத்தனை மணி நேரம் உண்மையான ஆட்களோடு உட்கார வைப்பீர்கள்? என் பதிவை யார் கேட்டுத் திருத்துவார்கள்? தமிழில் பேசிய பதிவைத் தமிழிலேயே கேட்பார்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் முகத்தைப் பார்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கூடப் படித்த இருவரைச் சேர்த்துக்கொள். ஒருத்தி பேச, ஒருத்தி கேட்க, ஒருத்தி கவனித்து எழுத, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பேசுவது சின்ன விஷயமாக இருக்கட்டும். முதல் தாள் தயாரானதும் எனக்கு அனுப்பு. உன் இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் மட்டும் போதும். அவள் சொன்னது எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா