டோ கிளிப் பெடலுக்குள் நுழைகிற, இறங்கி நடக்கவும் முடிகிற சைக்கிள் ஷூ எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாக வலது முழங்கைக்குப் போனது. அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. அதன் கதை கீழே வரும்.

கேட்டவர் தன் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன். பழைய இரும்பு பிரேம், உலோகப் பெடல், அதன் முன்னால் கம்பிக் கூண்டு மாதிரி டோ கிளிப், குறுக்கே தோல் வார். நீங்கள் கடையில் வாங்கியதாக இருக்காது, யாரோ கொடுத்திருப்பார்கள். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் தூரம், நடுவில் டீக்கடை. சரியா? தவறென்றாலும் மன்னித்துவிடுங்கள், எனக்கு இந்த ஒரு கதைதான் தெரியும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதில் இதோ. ‘சைக்கிள் ஷூ’ என்று தேடுவதை விடுங்கள். முன்பக்கம் ஒல்லியாக, அடிப்பாகம் தட்டையாக இருக்கும் சாதாரண ஷூ ஒன்றை வாங்குங்கள். செருப்பு தைப்பவரிடம் கொடுத்து உள்ளே ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, ஷூ வாங்கப் போகும்போது பெடலைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.

“இந்தக் காலத்தில் யாராவது டோ கிளிப் வைத்துக்கொண்டு அல்லாடுவார்களா, கிளிப்லெஸ்ஸுக்கு மாறு” என்று எழுத ஒருவர் இந்நேரம் விரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பார். ஐயா, எனக்கும் தெரியும். ஷூவின் அடியில் ஒரு துண்டை மாட்டி, அதைப் பெடலோடு பூட்டிக்கொள்வதுதான் கிளிப்லெஸ். 1985-ல் பெர்னார் ஹினோ லுக் கம்பெனியின் அப்படிப்பட்ட பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்த பிறகு பந்தயக்காரர்கள் வரிசையாக மாறினார்கள். 1990-ல் ஷிமானோ கம்பெனியின் எஸ்பிடி பெடல் வந்தது, சின்ன இரும்புத் துண்டை ஷூவின் அடிக்குள் பதுக்கி, நடக்கவும் வழி செய்தது. நல்ல கண்டுபிடிப்புதான். (காலைப் பூட்டுகிற பெடலுக்குப் போய் ‘கிளிப் இல்லாதது’ என்று பெயர் வைத்தவரை மட்டும் நான் மன்னிக்கத் தயாரில்லை. டோ கிளிப் இல்லாததால் அந்தப் பெயராம்.) ஆனால் ஜப்பானில் 1948-ல் தொடங்கிய கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் இன்றைக்கும் டோ கிளிப்பும் வாரும்தான். மணிக்கு எழுபது கிலோமீட்டரை நெருங்கி ஓட்டுகிறவர்களுக்குப் போதுமென்றால், வேலூரில் காய்கறி வாங்கப் போகும் எனக்கும் போதும்.

என் சைக்கிள் மாமாவுடையது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது பெட்டி படுக்கையோடு ஒரு ரலே சைக்கிளையும் கொண்டுவந்தார். அவர் மூட்டு வலியால் நிறுத்தியபின் என்னிடம் வந்தது. டோ கிளிப்பைத் துடைத்தபோது அதில் ‘கிறிஸ்டோஃப்’ என்று பொறித்திருந்தது தெரிந்தது. யாரென்று தேடினால், யூஜேன் கிறிஸ்டோஃப் என்ற பிரெஞ்சுப் பந்தய வீரர். டூர் டி பிரான்ஸில் முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் சட்டையை 1919-ல் முதன்முதலில் போட்டவர். அதைவிட 1913 டூர் கதைதான் எனக்குப் பிடித்தது. பிரான்ஸின் தூர்மலே மலையில் இறங்கும்போது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. வெளி ஆள் உதவி வாங்கக்கூடாது என்பது விதி. மனிதர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து கீழே இருந்த கிராமத்துக்குப் போய், கொல்லன் பட்டறையில் தானே ஃபோர்க்கை ஒட்டவைத்தார். துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்கும் அபராதம் போட்டார்கள். எல்லோரும் அந்தப் பட்டறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் கண்ணில் நிற்கிறது. காலில் என்ன ஷூ போட்டிருந்திருப்பார்?

சரி, தழும்புக்கு வருகிறேன்.

முதலில் என்னிடம் இருந்தது ஓடுவதற்கான ஷூ. மெத்தை மாதிரி அடி, இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கிய ஓரம், அடியில் கட்டம் கட்டமாக ரப்பர். நடக்க சுகம். கிளிப்புக்குள் நுழைக்கத்தான் குனிந்து கையால் தள்ள வேண்டியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நண்பர்கள் இரண்டு பேரோடு ஏலகிரி ஏறப் போனேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் ஏறியாகிவிட்டது, வேகம் நடப்பவனைவிடக் கொஞ்சம் அதிகம். மேலிருந்து வந்த கார் ஒன்று வளைவை வெட்டித் திரும்ப, நான் நிற்க வேண்டியதாயிற்று. டோ கிளிப்பிலிருந்து காலைப் பின்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இழுத்தேன். அடி ரப்பரின் கட்டம் பெடலின் பின்தகட்டில் பல்சக்கரம் மாதிரி மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. அப்புறம் என்ன, நின்ற இடத்திலேயே மரம் சாய்கிற மாதிரி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தேன். விழுந்து முடிக்கவே நேரம் எடுத்தது. குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி “பாத்து போங்க சார்” என்றார். அந்த வளைவு எந்த வள்ளல் பெயரில் இருந்தது என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கிளிப்புக்குள் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது, வந்தது. அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. விரல்களுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறதே, அங்கே. மெல்லிய அடி வழியாகப் பெடல் தகட்டின் விளிம்பு நரம்பைப் போட்டு அழுத்துவதால் வரும் எரிச்சல் அது. திரும்பும் வழியில் இரண்டு தடவை ஷூவைக் கழற்றி மைல்கல்லில் உட்கார்ந்தேன்.

கூட வந்த நண்பரிடம் பந்தய ஷூ உண்டு, அடி முழுக்கக் கல் மாதிரி. எரிச்சலே கிடையாது என்பார். ஆம்பூர் பிரியாணிக் கடையில் எண்ணெய் சிந்திய டைல்ஸில் அவர் கை கழுவப் போய் வந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு, புதிதாக நடக்கும் குழந்தை மாதிரி. அவரை நக்கல் செய்வதற்காகச் சொல்லவில்லை, என்னைவிட வேகமாக ஓட்டுகிறவர். ஆனால் எனக்கு அது வேண்டாம்.

அதே ஆம்பூர்தான் எனக்கு வழி காட்டியது. நாட்டின் தோல் ஷூ ஏற்றுமதியில் பெரும் பங்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்துதான் கடல் கடந்து போகிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் கடைகள் ஊரெங்கும் உண்டு. வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பெடலைக் கழற்றிவிட்டதால் சைக்கிளில் போக முடியாது, பஸ்ஸில்தான் போனேன். மஞ்சள் பையில் ஒரு பெடல், அதில் தொங்கும் கிளிப்பும் வாரும். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

கடையில் ஷூவைக் காலில் மாட்டி, பெடலைத் தரையில் வைத்து, கிளிப்புக்குள் நுழைத்து நுழைத்துப் பார்த்தேன். கடைக்காரப் பையன் முதலில் சிரித்தான், நாலாவது ஜோடியில் அவனே பெடலைப் பிடித்துக்கொண்டான். என்ன பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் புரிந்தது. முன்மூக்கின் உயரம் குறைவாக இருக்க வேண்டும், தடித்த மூக்கு கிளிப்பின் மேல்வளைவில் முட்டும். மேலே ஒட்டுத் துண்டு, தடித்த தையல் இருந்தால் வார் அங்கே அழுத்தும். அடியின் ஓரம் வெளியே பிதுங்கக்கூடாது. அடியில் வரிகள் இருக்கலாம், ஆழமான கட்டங்கள் கூடாது. உள்ளரங்கக் கால்பந்து ஷூக்கள் இந்தக் கணக்குக்கு நன்றாக ஒத்துவரும். அடிடாஸ் சம்பாவைப் பலர் டோ கிளிப்புக்குப் போடுவது இதனால்தான். நான் வாங்கியது அந்த ஜாடையில் பெயரில்லாத ஒரு தோல் ஷூ, தொள்ளாயிரம் ரூபாய்.

ஸ்டேஷன் பக்கம் ஷூ ரிப்பேர் செய்யும் ஒரு பாய் இருந்தார். முப்பது வருடம் ஷூ ஃபாக்டரியில் இருந்தவர். எரிச்சல் கதையைச் சொன்னேன். ஷூவை வாங்கி இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தார். பெடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், உள்ள ஷாங்க்குன்னு ஒரு இரும்புப் பட்டை இருக்குது. அது குதிகால்லருந்து வந்து இங்கயே நின்னுடுது. உங்க பெடலுக்கு ரெண்டு தகடு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால, நடுவுல வெறும் காத்து. அந்த எடத்துல ஷூவுல ஒண்ணுமே இல்ல. கால் எரியாம என்ன செய்யும்?”

“அப்ப முழுசா கெட்டி அட்டை போட்டுடுங்க பாய்.”

“போட்டா நடக்க மாட்டீங்க, தாண்டுவீங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். உள்அட்டையை உருவி, அதன் கீழே ஃபைபர் அட்டை ஒன்றை வெட்டி வைத்தார். குதிகாலிலிருந்து அந்த மேட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரை மட்டும். அதற்கு முன்னால், விரல்கள் மடங்கும் இடத்தை அப்படியே விட்டார். மெல்லிய அட்டைதான், ஆனால் இரண்டு தகட்டையும் பாலம் மாதிரி தாண்டி நின்றது. சாதாரண ஷூ மாதிரி முழுக்க மடங்காது, பாதி மடங்கும். அடியின் ஓரத்தைச் சக்கரத்தில் கொடுத்துக் கொஞ்சம் தேய்த்தார். கிளிப்பின் கம்பி தோலைச் சுரண்டும் என்று அதற்கும் மெல்லிய தோல் உறை தைத்துக் கொடுத்தார், நான் கேட்கவே இல்லை. எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேச வாய் வரவில்லை.

மூன்று வருடமாகிறது. எண்பது கிலோமீட்டர் வரை எரிச்சல் இல்லை, அதற்கு மேல் கொஞ்சம் தலை காட்டும். மழையில் தோல் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும். வருடம் முழுக்க ஒரே மூச்சில் நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறவர்கள் என்னைக் கேட்காதீர்கள், எஸ்பிடி ‘டூரிங்’ ஷூவை இரும்புத் துண்டு மாட்டாமல் அப்படியே போடுங்கள் என்றுதான் சொல்வேன், அதிலும் அடி வழவழப்பாக இருப்பதைப் பார்த்து.

இந்த ஷூவில் இன்னொரு சௌகரியம், பார்த்தால் சைக்கிள் ஷூ என்று தெரியாது. இதே ஷூவோடு ஒரு நிச்சயதார்த்தத்துக்கே போயிருக்கிறேன். ஆனால் ஷூ உள்ளே போனாலும் சைக்கிள் போகாது. ஒரு பெரிய ஜவுளிக்கடை, பெயர் வேண்டாம். காருக்கு மூன்று தளம் பார்க்கிங், பைக்குக்கு ஒரு தளம். “சைக்கிளுக்கு டோக்கன் மெஷின்ல ஆப்ஷன் இல்ல சார்” என்றார் வாசலில் நின்றவர். பைக் என்று போட்டுக் காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நம்பர் பிளேட் எண் கேட்கும் என்றார். வெளியே மரத்தில் கட்டச் சொன்னார், கட்டினேன், வேறொருவர் வந்து மரத்தில் கட்டக்கூடாது என்றார். சேலை எடுக்கப் போன மனைவியைக் கூப்பிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்ல வேண்டுமல்லவா.

ஷூ அமைந்த பிறகு கிளிப்பையும் பாருங்கள். கிளிப்புகள் சின்னது, நடு, பெரியது என்று அளவில் வரும். காலின் மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். உங்கள் கால் பெரிதாக இருந்து விரல் கம்பியில் இடித்தால், கிளிப்புக்கும் பெடலுக்கும் நடுவே இரண்டு வாஷர் வைத்தால் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளும். வாரைப் பெடலுக்குள் நுழைக்கும்போது தகடுகளுக்கு நடுவே ஒரு முறுக்கு கொடுங்கள், நழுவாது. ஊருக்குள் வாரை இறுக்கவே வேண்டாம். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், வலது கால் லேஸை செயின் தின்றுவிடும்.

கடைசியாக, பெடலைக் கழற்றச் சொன்னேன் அல்லவா. 15 எம்எம் ஸ்பேனர் வேண்டும். வலது பெடல் வழக்கம்போலத்தான். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை, கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். எனக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கம்போலத் திருப்பி, கழலவில்லை என்று ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன். அதனால்தான் ஆம்பூருக்கு ஒரு பெடலோடு போனேன். இடதுகால் ஷூவுக்கும் வலது பெடலை வைத்தே பார்த்துக்கொண்டார் பாய்.