அமுக்கினால் பிதுங்கும் ரப்பர்: கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஊர் மேம்பாலத்தில் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் பேட் இருக்கிறது. பக்கவாட்டில் பிதுங்கி நிற்கிறது. பாலம் பழுதாகிவிட்டதா, ஐயா?

பிதுங்கலை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ரப்பரை அமுக்கினால் அதன் உருவம் மாறுமே தவிர, கன அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். பாலத்தில் போடும் ரப்பரின் வடிவத்தைச் சறுக்கி மாற்றுவதற்கு எதிரான விறைப்பு சுமார் 1 மெகாபாஸ்கல்தான் (மெகாபாஸ்கல் என்பது அழுத்தத்தையும் விறைப்பையும் அளக்கும் அலகு). கன அளவைச் சுருக்குவதற்கு எதிரான விறைப்போ 2,000 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். ஆகவே உயரத்தில் குறைந்தது பக்கவாட்டில் வெளியே வந்தே தீரும். பேட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் வரிவரியாகப் புடைத்திருப்பது தெரியும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் எஃகுத் தகடுகள் இருக்கின்றன. எல்லா வரிகளும் ஒரே அளவில் புடைத்திருந்தால் பேட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சிவில் படிக்கும் மாணவி. தகடு வைத்தால் பிதுங்கல் ஏன் குறைகிறது? எஃகு ரப்பரைவிடப் பலமானது என்பதாலா, சார்?

எஃகின் பலம் மட்டும் காரணமல்ல. ரப்பர் தகட்டோடு ஒட்டியிருப்பதுதான் முக்கியம். ஒட்டிய முகம் பக்கவாட்டில் நகர முடியாது; அடுக்கின் நடுப்பகுதி மட்டுமே வெளியே தள்ளப்படும். அடுக்கு மெல்லியதாக ஆக ஆக, வெளியேறும் வழி குறுகிக்கொண்டே போகும்.

இதை அளக்க வடிவக் காரணி என்று ஒன்றை வைத்திருக்கிறோம். சுமை ஏறும் பரப்பைப் பிதுங்கக்கூடிய பக்கப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது. 300 மில்லிமீட்டர் சதுரத்தில் 60 மில்லிமீட்டர் கனமுள்ள வெறும் ரப்பருக்கு இது 1.25. அதே ரப்பரை 12 மில்லிமீட்டர் கொண்ட ஐந்து அடுக்குகளாகப் பிரித்து நடுவே தகடு வைத்தால் 6.25. அமுக்க விறைப்பு ஏறக்குறைய இந்தக் காரணியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், தோராயக் கணக்கில் வெறும் ரப்பரில் 12 மெகாபாஸ்கலாக இருக்கும் விறைப்பு அடுக்கு ரப்பரில் சுமார் 240 ஆகிவிடும். சுமார் 45 டன் ஏற்றினால் வெறும் ரப்பர் 20 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கும். அடுக்கு ரப்பர் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இத்தனை செய்தும் கிடைமட்டத்தில் ரப்பரின் மென்மை துளியும் குறைவதில்லை. வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்துக்கு அதுதான் வேண்டும்.

தகடே இல்லாத ரப்பர் மேல் யாராவது கட்டடம் கட்டியிருக்கிறார்களா?

கட்டியிருக்கிறார்கள். 1963 நிலநடுக்கத்தில் சிதைந்த ஸ்கோப்யே நகரில் (இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகர்), 1969-இல் சுவிட்சர்லாந்து உதவியோடு பெஸ்டலோட்சி பள்ளி எழுந்தது. நிலநடுக்கத்திலிருந்து காக்க ரப்பர் தாங்கிகள் வைத்த முதல் கட்டடம் அது. தகடு இல்லாததால் கட்டடத்தின் எடைக்கே தாங்கிகள் பக்கவாட்டில் பிதுங்கின. செங்குத்து விறைப்பும் கிடைமட்ட விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. நிலம் அதிர்ந்தால் கட்டடம் மேலும் கீழும் குதித்து, முன்னும் பின்னும் ஆடும் நிலை அப்போது இருந்தது. துணிச்சலான முயற்சி என்றே சொல்வேன். ஆனால் பின்னால் வந்தவர்கள் தகடு வைத்தது சரியான முடிவு.

உயரமாக அடுக்கினால் இன்னும் நன்றாக நகருமே. ஏன் செய்வதில்லை?

சாய்ந்துவிடும். ஒல்லியான எஃகுத் தூண் எந்தச் சுமையில் வளைந்து நொடிக்கும் என்று கணக்கிட ஆய்லர் சூத்திரம் போதும். ரப்பர் அடுக்கு வளைவதோடு சறுக்கவும் செய்யும். அதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 1940-களில் டச்சுப் பொறியாளர் ஹாரிங்க்ஸ் வகுத்தார். அதன்படி பார்த்தால், குட்டையாகத் தெரியும் அடுக்கும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சுமையில் பக்கவாட்டில் நொடித்துவிடலாம். மேல் முகம் நகர்ந்திருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்: மேலும் கீழும் நேருக்கு நேர் இருக்கும் பரப்பு சுருங்குவதால் தாங்கும் திறன் குறைகிறது. அதனால் நிலநடுக்கத் தாங்கிகளை முழு நகர்விலும் சரிபார்த்தே தீர வேண்டும். ரப்பரின் மொத்தக் கனம் சிறிய பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. இதைவிடக் கண்டிப்பான விதிநூல்களும் உண்டு.

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மெஷினுக்கு அடியில் வைத்த ரப்பர், எண்ணெய் பட்ட பிறகு அதிகம் பிதுங்குகிறது.

முகத்தில் உராய்வு போய்விட்டது. ரப்பர் வழுக்கி விரிகிறது. இயற்கை ரப்பர் என்றால் எண்ணெயைக் குடித்து உப்பவும் செய்யும். நைட்ரைல் ரப்பருக்கு மாறுங்கள்.

பள்ளி ஆசிரியர். அழிப்பானை மடக்கினால் உள்பக்கம் கூர்மையான மடிப்புகள் விழுகின்றன. வெடிப்பா?

வெடிப்பு இல்லை. விட்டதும் பெரும்பாலும் மறைந்துவிடும். உள்பக்கத் தோல் அளவுக்கு மீறி அமுங்கும்போது தட்டையாக இருக்க முடியாமல் தனக்குள்ளேயே மடிகிறது. மேற்பரப்பு 46 சதவீத அமுக்கத்தில் நிலை குலையும் என்று பியோ என்ற ஆய்வாளர் 1963-இல் கணக்கிட்டார். ஜெண்ட், சோ என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் ரப்பர் கட்டிகளை வளைத்துப் பார்த்தபோது சுமார் 35 சதவீதத்திலேயே மடிப்பு விழுந்தது. மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு அழிப்பானைக் கொடுத்துவிடுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பாலப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எந்தப் பிதுங்கலைக் கண்டால் உடனே எழுதி அனுப்ப வேண்டும், சார்?

ஒரு வரி மட்டும் மற்றவற்றைவிடத் துருத்தினால் அங்கே ஒட்டு விட்டிருக்கலாம், தகடு இடம் மாறியிருக்கலாம். ஒரு பக்கம் புடைத்து எதிர்ப்பக்கம் இடைவெளி தெரிந்தால் உத்தரம் அளவுக்கு மீறித் திரும்பியிருக்கிறது. தகட்டின் விளிம்பை ஒட்டிக் கிடைமட்டக் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சறுக்குத் தகைவு, அதாவது ரப்பரைச் சறுக்க வைக்கும் உள் அழுத்தம், உச்சத்தில் இருக்கும் இடம் அந்த விளிம்புதான். கிழிசல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். படத்தில் அளவுகோலும் தேதியும் தெரியட்டும். அடுத்த ஆண்டு அதே மூலையில் நின்று மறுபடி எடுங்கள்.