கேள்வி-பதில்: கரடிக் காட்டுக்குக் கைத்துப்பாக்கி

கோடை நெருங்கினால் அமெரிக்க வாசகர்களின் கடிதங்கள் யெல்லோஸ்டோன், கிளேசியர், அலாஸ்கா என்று திரும்பிவிடும். கரடிக்குப் பயந்து என்ன வாங்கலாம் என்பதுதான் கேள்வி. வந்தவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

ஜூலையில் மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் நடக்கப் போகிறோம். 9 எம்எம் பிஸ்டல் போதுமா, அதைவிடப் பலமான .44 மேக்னம் வேண்டுமா? நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. (சியாட்டில்)

தொட்டதில்லை என்றால் இரண்டும் வேண்டாம். மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வரும். புதருக்குப் பின்னாலிருந்து 45 மீட்டர் தூரத்தில் கிளம்பினால் உங்கள் கையில் இருப்பது 3 விநாடி. அதற்குள் துப்பாக்கியை உருவி, ஆடிக்கொண்டே வரும் தலையில் சுடுவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஸ்ப்ரே மேகமாக விரிவதால் குறி கொஞ்சம் தப்பினாலும் காப்பாற்றும். கரடி ஆராய்ச்சியாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழு அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தது. பழுப்புக் கரடிமேல் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதம் கரடி அடங்கியிருக்கிறது. துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை 2012-இல் அலசியபோது, சுட்டவர்களுக்கும் கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் தெரியவில்லை.

தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாமா? (டென்வர்)

2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்திருக்கலாம். பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. யெல்லோஸ்டோன் உட்படப் பெரும்பாலான பூங்காக்களில் சுடுவதற்குத் தடை இருக்கிறது. அலாஸ்காவைத் தவிர மற்ற மாநிலங்களில் கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உயிருக்காகச் சுட்டாலும் உடனே தெரிவிக்க வேண்டும், விசாரணையும் வரும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கடையில் 10 எம்எம் பிஸ்டல் கேட்டேன். "பிரச்சினையே இல்லை" என்று 400 டாலர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். இந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம் என்று நண்பர் சொல்கிறார். கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

நண்பர் சொன்னது சரி. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, கேட்டிருக்க வேண்டியது கடைக்காரர். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. விலக்குகளில் முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் உங்கள் அலமாரியில் இருக்கும். கிரீன் கார்டு கனவோடு இருப்பவர் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் இந்த வழியில் போகாதீர்கள். நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் தனிக் குற்றம்.

பணத்துக்கு: விசா பற்றிய கேள்வி, துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 என்ற கூட்டரசுப் படிவத்திலேயே இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கியதைக் குறிப்பிட்டுக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். மசியாவிட்டால் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். 400 டாலரை விட்டுவிடாதீர்கள்.

அனுமதியும் பயிற்சியும் இருக்கிறது. 700 கிராம் எடையில் .44 மேக்னம் ரிவால்வர் காட்டினார்கள். மலையேற லேசானதுதானே நல்லது? (ஆங்கரேஜ்)

இதைப் பற்றி எழுத எனக்குப் பல வருடமாக ஆதங்கம். லேசு என்ற ஒரு சொல்லுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து நான் அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். கடையில் கையில் வைத்துப் பார்த்தபோது பூ மாதிரி இருந்தது. சுடும் களத்தில் முதல் குண்டிலேயே உள்ளங்கை எரிந்தது. நான்காவது சுடுவதற்குள் உருளை சுற்றாமல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், உதைப்பின் வேகத்தில் அடுத்த தோட்டாவின் ஈயம் குப்பியிலிருந்து முன்னால் நழுவி, உருளையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தில் முட்டி நின்றது. எடை குறையக் குறைய இந்த ஆபத்து கூடும். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காட்டில் அது நடந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

.44-தான் என்றால் ஒரு கிலோவுக்குமேல் கனமுள்ள எஃகு ரிவால்வர். அலாஸ்காவில் பலர் 10 எம்எம் பிஸ்டலுக்கு மாறியிருக்கிறார்கள். கிளாக் 20-இல் 15 தோட்டா கொள்ளும், இரண்டாவது குண்டுக்குள் கை மறுபடி குறிக்கு வந்துவிடும். தோட்டா, கெட்டியாக வார்த்த தட்டை மூக்கு ஈயம். மனிதருக்கென்று செய்த, முனையில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா கரடியின் தடித்த தசையில் விரிந்து பாதியில் நின்றுவிடும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை மறைத்துவிடுமாதலால் இடுப்பு உறை வேண்டாம், மார்பு உறை வாங்குங்கள். துப்பாக்கிக்கு ஒதுக்கிய தொகையில் பாதியாவது பயிற்சித் தோட்டாவுக்குப் போக வேண்டும். ஸ்ப்ரேயையும் விட்டுவிடாதீர்கள்.

கரடிக்குக் கேட்கட்டும் என்று பையில் கட்டிக்கொள்ளும் கரடி மணி? (நியூ ஜெர்சி)

வேண்டாம். பேசிக்கொண்டே நடங்கள், வளைவுகளில் கை தட்டுங்கள்.

ஆன்லைனில் சாவிக்கொத்து பெப்பர் ஸ்ப்ரே வாங்கினேன். நாளை விமானம். பையில் வைக்கலாமா? அடுத்த மாதம் யோசமிட்டிக்கும் இதுவே போதுமா? (டாலஸ்)

லேபிளை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. சாவிக்கொத்து ஸ்ப்ரே மனிதருக்கு. கரடி ஸ்ப்ரே டின்னில் கரடிக்கு என்ற வார்த்தையும் ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கும், அளவு குறைந்தது 225 கிராம். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்க முடியாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள். யோசமிட்டியில் ஸ்ப்ரேக்கே தடை. அங்கே இருப்பது கருங்கரடி, அதற்குச் சாப்பாடுதான் குறி. வாங்க வேண்டியது கரடி திறக்க முடியாத உணவு டப்பா.

சியாட்டிலிலிருந்து கனடா வழியாக அலாஸ்காவுக்கு காரில் போகிறோம். கைத்துப்பாக்கியைப் பூட்டி டிக்கியில் வைத்தால்? (பெல்வியூ)

எல்லையிலேயே பிடுங்கிவிடுவார்கள், வழக்கும் வரும். கரடிக்காக என்ற காரணத்தைக் கைத்துப்பாக்கிக்குக் கனடா ஏற்பதில்லை.

தள்ளுபடியில் 2 ஸ்ப்ரே வாங்கினேன். வீட்டுக்கு வந்து விலை ஸ்டிக்கரை உரித்தால் அடியில் காலாவதித் தேதி. போன வருடமே முடிந்திருக்கிறது. (போஸ்மன்)

தெரிந்தே ஒட்டியிருக்கிறார்கள். காலம் கடந்த டின்னில் அழுத்தம் குறைந்திருக்கும், பாய வேண்டிய தூரம் பாயாது. ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையில் படம் எடுத்து, ரசீதோடு இன்றே கடைக்குப் போங்கள். முழுப் பணத்தையும் கேளுங்கள், மாற்று டின் வேண்டாம். அவர்களிடம் இருப்பதும் அதே சரக்காக இருக்கலாம்.