கண்டோன்மென்டில் வீடு வாங்கும் முன்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கே: பல்லாவரம் கண்டோன்மென்ட் (ராணுவம் தங்கும் நகரப் பகுதி) எல்லைக்குள் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருக்கின்றன. இது போதுமா?

ப: போதாது. சர்வே எண்ணைக் கொடுத்து, பொது நிலப் பதிவேட்டின் (ஜி.எல்.ஆர்.) நகலை முதலில் வாங்குங்கள். கண்டோன்மென்டில் எல்லா விஷயமும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்கும். அதில் நிலத்தின் வகை, யாருடைய நிர்வாகம், நில உரிமையாளர் யார், அனுபவதாரர் யார், அவருடைய உரிமை எத்தகையது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஏ-1 என்றால் ராணுவம் பயன்படுத்தும் நிலம். ஏ-2 என்றால் ராணுவத்துக்காக ஒதுக்கி வைத்தது. சி என்றால் கண்டோன்மென்டின் உள்ளாட்சி அமைப்பான போர்டு வசம் உள்ளது. பி-3 என்று போட்டிருந்தால், தனியார் அனுபவத்தில் இருந்தாலும் மண்ணின் உரிமை மத்திய அரசிடமே இருக்கிறது.

பி-3 வகையில் ‘ஓல்டு கிராண்ட்’ என்ற குறிப்பு இருந்தால் நிதானியுங்கள். வெள்ளைக்காரர் காலத்து உத்தரவுகளின்படி தரப்பட்ட அனுபவ உரிமை அது. விற்பவருக்குக் கட்டடம் மட்டுமே சொந்தம். அரசு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அனுமதி பெற்றுக் கட்டிய பகுதிக்கு மட்டுமே இழப்பீடு கிடைக்கும். பின்னால் சேர்த்த அறைக்கும் மாடிக்கும் கிடைக்காது. பங்களா மனையைத் துண்டு போட்டு விற்கவும் கூடாது. இப்படித் துண்டாக வாங்கியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். பத்திரப் பதிவு முடிந்துவிடும், ஆனால் ஜி.எல்.ஆரில் பெயர் மாறாது. பெயர் இல்லாதவர் கொடுக்கும் கட்டட வரைபடத்தைப் போர்டு ஏற்காது. அதனால் முழு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்துக்கு வழி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அறிவிக்கப்பட்ட சிவில் ஏரியாவுக்குள் (பொதுமக்கள் வசிக்கும் பகுதி) இருந்தால் போர்டின் தலைமைச் செயல் அலுவலரிடம் (சி.இ.ஓ.) கேட்க வேண்டும். வெளியே இருந்தால் பாதுகாப்பு நில அலுவலரிடம் (டி.இ.ஓ.) கேட்க வேண்டும்.

கே: கட்டட அனுமதி கேட்டு மூன்று மாதமாகிறது. பதிலே இல்லை. வேலையைத் தொடங்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள். முறையான விண்ணப்பம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் போர்டு முடிவு சொல்லாவிட்டால், நீங்கள் எழுத்துமூலம் நினைவூட்ட வேண்டும். அதற்குப் பின் இன்னும் 15 நாள் மௌனம் நீடித்தால்தான் அனுமதி கிடைத்ததாகச் சட்டம் கருதும். அந்த நினைவூட்டல் கடிதத்தைப் பலர் அனுப்புவதே இல்லை. ஒப்புகையுடன் பதிவு செய்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வரைபடத்தில் குறை சொல்லித் திருப்பியிருந்தால், அதைச் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. டி.இ.ஓ.வின் கருத்துக்குப் போன கோப்பு என்றால், அவருடைய அறிக்கை போர்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம். விதிமீறலாகக் கட்டுவதற்கு இந்தக் ‘கருதப்படும் அனுமதி’ கைகொடுக்காது.

கே: போர்டின் தலைவர் ராணுவ அதிகாரி என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் எதற்கு?

ப: 2006-ம் ஆண்டு கண்டோன்மென்ட் சட்டப்படி, 50,000 பேருக்கு மேல் வசிக்கும் முதல் வகை கண்டோன்மென்டில் 8 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்ற 8 பேர் ராணுவ, அரசுத் தரப்பினர். துணைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர். சிவில் ஏரியா கமிட்டிக்குத் தலைமை தாங்குவதும் அவர்தான். குடிநீர், தெருவிளக்கு, கால்வாய் போன்ற அன்றாடப் பிரச்னைகள் அங்கேதான் பேசப்படும். படையினரின் நலனுக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று கருதும் தீர்மானத்தைத் தலைவர் ஒரு மாதம் வரை நிறுத்தி வைத்து, அந்தப் பகுதி ராணுவத் தலைமைத் தளபதிக்கு அனுப்பலாம்.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தும் அந்த நாற்காலிகள் நீண்ட காலம் காலியாகக் கிடந்ததுதான் வேதனை. பெரும்பாலான போர்டுகளுக்குக் கடைசிப் பொதுத் தேர்தல் 2015 ஜனவரியில் நடந்தது. பதவிக்கால நீட்டிப்புகளும் 2021 பிப்ரவரியில் முடிந்தன. பிறகு தலைவர், சி.இ.ஓ., நியமிக்கப்பட்ட ஒரு பொது உறுப்பினர் என்று போர்டுகள் சுருங்கின. 57 போர்டுகளுக்கு 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்து, மார்ச் மாதமே ரத்து செய்தார்கள். ஒரே ஒரு நியமன உறுப்பினர் எத்தனை தெருக்களுக்காகப் பேச முடியும்?

கே: வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். சாலை போடப் பணமில்லை என்கிறார்களே?

ப: எல்லைக்குள் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுடையது. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவின்படி அதற்குச் சொத்து வரி போட முடியாது. பதிலாகச் சேவைக் கட்டணமும் மானியமும் வர வேண்டும். அவை தாமதமானால் முதலில் நிற்பது சாலை வேலைதான். உங்கள் போர்டுக்கு வர வேண்டிய சேவைக் கட்டணம் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கே: வாக்காளர் பட்டியலில் என் பெயரை நீக்கிவிட்டார்கள். ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் இதே முகவரிதான்.

ப: போர்டு தேர்தலுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 18 வயதும், தகுதி நாளுக்கு (பட்டியலுக்காகத் தகுதியைக் கணக்கிடும் நாள்) முன் தொடர்ந்து ஆறு மாத வசிப்பும் வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தில் வசிப்பவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் வீட்டுக்குப் போர்டு கொடுத்த கதவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் வரி ரசீதை இணைத்து, வரைவுப் பட்டியல் வெளியானதும் கெடு முடிவதற்குள் ஆட்சேபணை மனு கொடுங்கள்.