குழப்பமில்லை, அத்தை!

கேள்வி: தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள் நான். எர்ணாகுளத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஜூலியா ஆல்வரெஸின் ‘ஹவ் த கார்சியா கேர்ள்ஸ் லாஸ்ட் தெயர் ஆக்சென்ட்ஸ்’ (1991) நாவலின் கருப்பொருள்கள் பற்றிக் கட்டுரை எழுதினேன். டொமினிக்கன் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நான்கு கார்சியா சகோதரிகள் தங்கள் ஸ்பானிய உச்சரிப்பை இழக்கும் கதை அது. அடையாளச் சிக்கல், பண்பாட்டு மோதல், பெண் விடுதலை என்று மூன்று தலைப்புகள். “இதில் நாவல் எங்கே?” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனைக்கும் அந்தச் சகோதரிகள் படும் பாடு எனக்குத் தெரியும். விடுதியில் நான் ‘பாண்டி’; தமிழர்களை அங்கே கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். போடியில் அத்தை, “சாப்பாடு எப்படி?” என்றபோது மலையாள வழக்கில் “குழப்பமில்லை” என்று சொல்லிவிட்டேன். “இதில் குழம்ப என்ன இருக்கிறது?” என்று கரண்டியோடு நின்றுவிட்டார். இப்போது எப்படி எழுதுவது?

பதில்: அன்பு மகளே, ஆசிரியர் கேட்டது நியாயம்தான். புலம்பெயர்ந்தோர் பற்றிய எந்த நாவலுக்கும் அந்த மூன்று தலைப்புகளை மாட்டிவிடலாம். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் திற.

பிறந்த டொமினிக்கன் நாட்டுக்குத் திரும்பி வந்த யோலாண்டா, அந்தச் சகோதரிகளில் ஒருத்தி, கொய்யாப்பழ ஆசையில் மலைப்பக்கம் கார் ஓட்டிப் போகிறாள். டயர் பஞ்சர். அரிவாளோடு இரண்டு ஆண்கள் வருகிறார்கள். பயத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை. அமெரிக்கப் பெண்ணா என்று கேட்டதும் தலையாட்டிவிட்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறாள். சொந்த மண்ணில் ஸ்பானிய மொழி தெரியாதவளாக நடிக்கிறாள்! அவர்களோ, பாவம், டயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். யார், எப்போது, எந்த மொழிக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்று நாவல் முழுக்கத் தேடிப் பார். கட்டுரை தானாக வரும்.

அந்தச் சகோதரிகளின் அப்பாவை ‘ஆணாதிக்கவாதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. பள்ளியில் பேச மகள் யோலாண்டா எழுதிய உரையில் ஆசிரியர்களுக்கு மரியாதை இல்லையென்று கிழித்தெறிகிறவர் அவர்தான். பிறகு அவளுக்கு மின்சாரத் தட்டச்சு இயந்திரம் வாங்கி வருகிறவரும் அவர்தான். வாய் திறந்தால் உயிர் போகும் என்ற, டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர். நியூயார்க்கிலும் அந்தப் பயம் கூடவே வருகிறது.

கதை 1989-இல் தொடங்கிப் பின்னோக்கி 1956-இல் போய் நிற்கிறது. உச்சரிப்பை இழந்த பெண்களை முதலில் பார்க்கிறோம். அது நாக்கில் இருந்த காலத்துக்குக் கடைசியில்தான் போய்ச் சேர்கிறோம். இந்த வரிசைக்கே ஒரு பக்கம் ஒதுக்கு. (1956 என்றதும் நமக்கு மொழிவாரி மாநிலப் பிரிப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுபோன கதைதான் ஞாபகம் வருகிறது. அதைக் கட்டுரைக்குள் இழுக்காதே.)

உன் அனுபவத்தையும் அளந்தே சேர். கார்சியா குடும்பம் மருத்துவர் குடும்பம். ஊரில் வேலைக்காரர்கள் சூழ வாழ்ந்தவர்கள். லயத்துக் குடும்பங்களோ கங்காணியின் பின்னால் கொழுந்து பறிக்க மலையேறி வந்தவை. இரண்டும் ஒன்று என்று எழுதினால் இம்முறையும் தாள் திரும்பி வரும்.

திருத்தி எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அது கிடக்கட்டும், “குழப்பமில்லை” என்றால் “பரவாயில்லை” என்று அத்தைக்குச் சொல்லிவிட்டாயா? இன்னும் சாம்பாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கப் போகிறார்.