மிடில்வேரில் அனுமதிச் சோதனை: வாசகர் கேள்விகள்

வெப் செயலிக்கு வரும் கோரிக்கை உரிய பக்கத்தைச் சேரும் முன் வழியில் ஓடும் நிரல்தான் மிடில்வேர்.

கேள்வி: எங்கள் எக்ஸ்பிரஸ் (ஜாவாஸ்கிரிப்ட் வெப் கட்டமைப்பு) செயலியில் அட்மின் அல்லாதவருக்கு 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில், மிடில்வேரிலிருந்து சரியாகப் போகிறது. ஆனாலும் அவர் நீக்கச் சொன்ன பதிவு நீங்கிவிடுகிறது. எப்படி?

403 அனுப்பும் இடத்தில் ரிட்டர்ன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதில் அனுப்பியதாலேயே ஃபங்ஷன் நின்றுவிடாது. கீழே நெக்ஸ்ட் அழைப்பு இருந்தால் கோரிக்கை அடுத்த ஃபங்ஷனுக்குப் போய்விடும், பதிவும் நீங்கிவிடும். 'ஹெடர் (பதிலின் தலைப்புத் தகவல்) ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது' என்ற பிழை லாகில் வந்தால் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். பல சமயம் அது இந்த ஓட்டையின் தடயம்.

கேள்வி: எல்லாப் பக்கங்களுக்கும் லாகின், பயனர் வகை இரண்டையும் மிடில்வேரிலேயே சோதிக்கிறோம். போதாதா?

போதாது. முகவரியில் இன்வாய்ஸ் எண் 1042 இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் அதை 1043 என்று மாற்றுகிறார். லாகின் இருக்கிறது, வாடிக்கையாளர்தான், மிடில்வேர் விட்டுவிடும். 1043 யாருடையது என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். எனவே 'எண் 1043' என்று மட்டும் தேடாமல், 'எண் 1043, உரிமையாளர் இந்தப் பயனர்' என்று குவெரியிலேயே சேர்த்துத் தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் 404 ('கிடைக்கவில்லை') கொடுங்கள். அப்படியோர் இன்வாய்ஸ் இருப்பதே பிறருக்குத் தெரிய வேண்டாம். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடும் முக்கிய ஆபத்துகளின் பட்டியலில் 2017இல் 5ஆம் இடத்தில் இருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு, 2021இல் முதலிடத்துக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

மிடில்வேரே ஓடாமல் போகவும் கூடும். 2025 மார்ச்சில் நெக்ஸ்ட்.ஜேஎஸ் என்ற வெப் கட்டமைப்பில் வெளியான ஓட்டை அதுதான். உள்பயன்பாட்டுக்கான 'எக்ஸ்-மிடில்வேர்-சப்ரெக்வெஸ்ட்' ஹெடரை வெளியாள் தகுந்த மதிப்போடு அனுப்பினால் மிடில்வேர் முழுவதும் தாண்டப்பட்டது. 14.2.25, 15.2.3 பதிப்புகளில் சரிசெய்தார்கள். மிடில்வேரை மட்டுமே நம்பியிருந்த செயலிகளுக்கு அதுவரை வேறு காவல் இல்லை.

கேள்வி: 401ஆ, 403ஆ?

யார் என்றே தெரியாவிட்டால் 401. தெரிந்தும் அனுமதி இல்லாவிட்டால் 403.

கேள்வி: ஒருவரின் அட்மின் உரிமையை நீக்கிய பிறகும் அவரால் எல்லாம் செய்ய முடிகிறதே?

உரிமையை ஜேடபிள்யூடி டோக்கனுக்குள் (லாகின் செய்தவருக்குத் தரும் கையொப்பமிட்ட அடையாளச் சீட்டு) எழுதியிருப்பீர்கள். காலாவதியாகும்வரை அது பழைய கதையையே சொல்லும். டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறையுங்கள். நீக்குதல், பணம் அனுப்புதல் போன்றவற்றுக்கு ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் பார்த்தே ஆக வேண்டும். வேகம் குறைகிறது என்ற சாக்கை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஜாங்கோவில் (பைத்தான் வெப் கட்டமைப்பு) புதிய பக்கங்களுக்கு லாகின் சோதனை போட மறந்துவிடுகிறோம்.

5.1 பதிப்பில் வந்த லாகின்ரிக்வயர்ட்மிடில்வேரைச் சேருங்கள். மிடில்வேர் பட்டியலில் அது, பயனர் யார் என்று கண்டறியும் ஆதென்டிகேஷன்மிடில்வேருக்குப் பிறகு வர வேண்டும். அதன்பின் எல்லாப் பக்கமும் பூட்டியே இருக்கும். பொதுப் பக்கங்களை மட்டும் நீங்கள் பெயர் சொல்லித் திறக்க வேண்டும்.